ரோமானிய விளைச்சல் சாமி மோதிரம்: கல்லு அருமை, செதுக்கல்ல கோட்டை விட்டுட்டாங்க

பழைய ரோமானிய முத்திரை மோதிரம் மாதிரி செஞ்சு விக்கிற ஒரு ஆன்லைன் கடைல வாங்கினேன், வெள்ளி மோதிரம், சூதுபவளம்ங்கற சிவப்புக் கல்லுல போனஸ் ஈவென்டஸ் உருவம். விளைச்சல் நல்லா வரணும்னு கும்பிடுற சாமி இவரு, விவசாயிக்கான 12 சாமிங்கன்னு ரோமானிய எழுத்தாளர் வர்ரோ போட்ட பட்டியல்ல தானிய தேவதை சீரிஸோட இவரும் உண்டு. கடைக்காரங்க கிரேக்க கடவுள்னு போட்டிருக்காங்க, தப்பு, இவரு ரோமானியர்.

கல்லை பத்தி குறையே சொல்ல முடியாது. தேன் கலந்த சிவப்பு. லேசா ஈரம் பண்ணி அரக்குல நாலஞ்சு தடவை அழுத்தினேன், ஒட்டாம சுத்தமா எழும்பி வருது. இதே குடும்பத்து சார்டோனிக்ஸ்ங்கற கோடு போட்ட கல்லு மெழுகை இழுக்காதுன்னு பழைய ரோமானிய அறிஞர் ப்ளினியே எழுதியிருக்காரு, கையில பாத்தப்ப அவ்வளவு சந்தோஷம்.

செதுக்கல்ல தான் மனசு விட்டுப்போச்சு. லேசர் வேலை போல, எல்லா கோடும் ஒரே ஆழம். அந்த காலத்துல சுத்துற இரும்பு ஊசி முனைல எண்ணெயும் எமரிங்கற கடினமான கல்லுப் பொடியும் வெச்சு கல்லை கொஞ்சம் கொஞ்சமா அராவி எடுப்பாங்க, குழி உருண்டையா விழும், அழுத்தினா தோளும் தொடையும் புடைச்சுகிட்டு நிக்கும். இங்கிலாந்துல ஸ்னெட்டிஷம்ங்கற ஊர்ல 1985ல வீடு கட்டுறப்ப ஒரு பானை கிடைச்சுது, கி.பி. 155 வாக்குல ஒரு நகை ஆசாரி புதைச்ச சரக்கு, மோதிரத்துல பதிக்காத செதுக்கின சூதுபவளம் மட்டும் 110, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, போனஸ் ஈவென்டஸும் சீரிஸும் அதுல திரும்ப திரும்ப வர்றாங்க. வேகமா முடிச்ச வேலை தான், நாலு வெட்டுல ஒரு ஆளு, ஆனாலும் நிக்கிற நிலை தெரியும். என் மோதிரத்துல கோதுமைக் கதிர் சீப்பு மாதிரி இருக்கு.

பெரிய தப்பு இன்னொண்ணு. இவரோட சிலைல வலது கைல படையல் தட்டு, இடது கைல கதிரும் கசகசா காயும்னு ப்ளினி சொல்றாரு, கடை படத்துலயும் கல்லுல அப்படியே தான் இருக்கு. ஆனா முத்திரைக் கல்லுல இடம் வலம் மாத்தி செதுக்கணும், அப்ப தான் அரக்குல நேரா விழும். இவங்க நேராவே செதுக்கிட்டாங்க, அழுத்தினா தட்டு இடது கைக்கு போயிடுது. கடைக்கு எழுதினேன், அடுத்த தடவை மாத்துறோம்னு பதில் வந்துச்சு.

கல்லுக்கும் வெள்ளிக்கும் சேத்து 5க்கு 3. விரலுக்கு மட்டும் போடுறதுன்னா தாராளமா வாங்கலாம், முத்திரை வெக்கணும்னா அவங்க மாத்துற வரைக்கும் பொறுங்க. சைஸ் ஒண்ணு கூட்டியே சொல்லுங்க, எனக்கு இறுக்கமா வந்துச்சு.