2147483647, 4294967297: இரண்டில் எது?

இரண்டுமே பத்து இலக்க எண்கள். 2³¹-இல் ஒன்றைக் கழித்தால் 2147483647. 2³²-உடன் ஒன்றைக் கூட்டினால் 4294967297. முதலாவதை இரட்டித்து 3 சேர்த்தாலே இரண்டாவது வந்துவிடும். ஆனால் குணம் நேர் எதிர்: முதலாவது பகா எண், இரண்டாவது பகு எண். இரண்டின் வழக்கையும் தீர்த்து வைத்தவர் ஒருவரே, 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர். மாணவர்களிடம் ஒன்றைத்தான் எடுத்துச் சொல்ல முடியும் என்றால் எதைச் சொல்வது?

புழக்கத்தைப் பார்த்தால் முதல் எண்தான். 32 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் அது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இந்த முறையில் எண்ணிவரும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். அப்புறம், இதை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண் (தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண்) கிடைக்கிறது.

சரி, இது பகா எண்தான் என்று எப்படிக் காட்டுவது? அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை, எந்தப் பகா எண்ணாலும் மீதியின்றி வகுபடாது என்று காட்ட வேண்டும். காரணி ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரவேண்டும். இந்தச் சல்லடையில் சலித்துத்தான் ஆய்லர் 1772-இல் முடிவைச் சொன்னார். சலித்த பிறகும் பல பத்து வகுத்தல்கள் மிஞ்சும். பொறுமையான வேலை, ஆனால் ஒருவர் தாமே செய்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதாது.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும் வரிசையில் அடுத்தது இது. ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். காரணி இருந்தால் 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577. நான்கும் ஏமாற்றிவிடும். ஐந்தாவது 641. கச்சிதமாக வகுபடும், ஈவு 6700417! 1732-இல் ஃபெர்மாவின் நம்பிக்கை உடைந்தது.

இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். 5×2⁷ என்பது 640, அதாவது 641-க்கு ஒன்று குறைவு; மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625×2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 என்பது 625+16 என்பதால், 625 இருக்கும் இடத்தில் −16-ஐ, அதாவது −2⁴-ஐப் போடலாம். அப்போது −2³²-இன் மீதி 1. ஆக, 2³²+1-இன் மீதி பூஜ்யம். முதன்முதலில் இதை எழுதிப் பார்த்தபோது பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

முதல் எண்ணின் குடும்பத்தில், அதாவது 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் எண்களில், 2024-இல்கூடப் புதிய பகா எண் ஒன்று கிடைத்தது. ஃபெர்மா வரிசையிலோ, 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. இனி வரவே வராது என்றும் யாரும் நிறுவவில்லை.