பசுமைக் கட்சித் தலைமைத் தேர்தல் 2025: சந்தா கட்டும் ஒருத்தியின் மதிப்பீடு

வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் எதையும் ஆண்டுக்கு ஒருமுறை இழுத்து வைத்துக் கேள்வி கேட்பது என் வழக்கம். லண்டன் ஹரோவில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். தொழில் தந்த குணம் அது. தொலைபேசி, உடற்பயிற்சிக்கூடம், தமிழ்த் தொலைக்காட்சி என்று நீளும் அந்தப் பட்டியலில் இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் பசுமைக் கட்சியின் உறுப்புரிமையும் இருக்கிறது. சந்தாவுக்குக் கிடைக்கும் பெரிய உரிமை, தலைவரைத் தெரிவு செய்யும் வாக்கு. 2025 ஓகஸ்டில் அதைப் பயன்படுத்தினேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கட்சியில் கொள்கையைத் தலைவர் எழுதுவதில்லை. மாநாட்டில் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவந்து, திருத்தி, வாக்கெடுத்து நிறைவேற்றுவதுதான் கொள்கை. தலைவர் என்ற பதவியே 2008இல்தான் உருவானது. அதற்கு முன்னர் இரண்டு முதன்மைப் பேச்சாளர்கள் இருந்தார்கள். ஆகவே வேட்பாளர்களின் கொள்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். 1 கோடிப் பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுக்கு 1 வீத வரி, 100 கோடிப் பவுணுக்கு மேல் 2 வீதம். தண்ணீர் நிறுவனங்களும் ரயிலும் பொதுவுடைமை. வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளூராட்சி சபைகளுக்கு. மணிக்கு 15 பவுண் குறைந்தபட்ச ஊதியம். 2024 பொதுத்தேர்தல் அறிக்கையில் இருந்த இவற்றை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டே களம் இறங்கின.

பிறகு எதைத்தான் தெரிவு செய்தோம்? எந்தத் தொகுதிகளைக் குறிவைப்பது, எந்தக் குரலில் பேசுவது என்ற இரண்டையும்தான்.

ஒரு பக்கம் ஸாக் பொலான்ஸ்கி. லண்டன் சபை உறுப்பினர். 2022 முதல் கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர். அப்போது நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். மறுபக்கம் ஏட்ரியன் ராம்சே, எல்லி சௌன்ஸ் இருவரும் இணைத் தலைமைக்குச் சேர்ந்து நின்றார்கள். இருவருமே 2024இல் நாடாளுமன்றம் போனவர்கள். ராம்சே ஏற்கனவே 2021இலிருந்து கார்லா டெனியருடன் இணைத் தலைவராக இருந்தவர். டெனியர் இம்முறை போட்டியிடவில்லை. (அந்த டெனியர் 2024இல் பிரிஸ்டல் மத்திய தொகுதியில் தோற்கடித்தது தொழிற்கட்சியின் தங்கம் டெபனேர் என்பவரை. பெயரைப் பார்த்து நம்மவரோ என்று நினைத்தால் தவறில்லை. தந்தை வழியில் இந்திய, இலங்கைத் தமிழ் வேர்கள் உள்ளவர். அன்றிரவு எங்கள் வீட்டில் கட்சிப் பற்றும் இனப் பற்றும் சிறிது நேரம் மோதிக்கொண்டன.)

கணக்கு எழுதுபவளுக்கு எண்கள்தான் பேச வேண்டும். 2024இல் கட்சி வென்றது நான்கு தொகுதிகள். அவற்றில் ராம்சேயின் வேவ்னி பள்ளத்தாக்கும் சௌன்ஸின் வட ஹெரஃபோர்ட்ஷயரும் வயலும் கிராமமுமான இடங்கள். பழைமைவாதக் கட்சியிடமிருந்து பறித்தவை. ஆனால் கட்சி இரண்டாம் இடம் பெற்ற 40 தொகுதிகளைப் பார்த்தால் படம் தலைகீழ். ஏறத்தாழ எல்லாவற்றிலும் வென்றது தொழிற்கட்சி. பெரும்பாலும் நகரங்கள், வாடகை வீடுகள், இளையவர்கள். முதல் வகை வாக்காளருக்குச் சொல்வதை அப்படியே இரண்டாம் வகையினருக்குச் சொல்ல முடியாது. தேர்தல் முழுவதும் ஓடிய சண்டையின் அடி இதுதான். கொள்கைச் சண்டை என்று சொல்லப்பட்ட பலவும் இதன் கிளைகள்.

ராம்சே, சௌன்ஸ் சொன்னது: நாடாளுமன்றத்துக்குள் இருப்பவர்தான் தலைவராக இருக்க வேண்டும், கூச்சலைவிடக் காரியம் முக்கியம், எல்லாத் தரப்பிலும் வாக்குக் கேட்கும் கட்சியாக வளர வேண்டும். நிதானமான வாதம், என் குணத்துக்கு ஏற்றது. ஆனால் ராம்சேயிடம் ஒரு உறுத்தல் எனக்கு இருந்தது. வென்ற கையோடு, தன் தொகுதி வழியாகப் போகவிருந்த மின்கம்பித் தொடருக்கு எதிர்ப்புத் தெரிவித்து, மாற்று வழிகளை ஆராயும்வரை திட்டத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். கடற்காற்றில் எடுக்கும் மின்சாரம் ஊருக்குள் வரக் கம்பி வேண்டாமா? தொகுதி மக்களுக்காகப் பேசுவது உறுப்பினரின் கடமை என்பது சரிதான். ஒரு பசுமைத் தலைவருக்கு அது நல்ல விளம்பரம் அன்று. சௌன்ஸ் வேறு ரகம். 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போய், பிரெக்சிற்றால் சில மாதங்களிலேயே வெளியே வந்தவர். கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும் அரசியல்வாதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பொலான்ஸ்கி தன் வழிக்குச் சூழலியல் ஜனரஞ்சகவாதம் என்று பெயர் வைத்தார். பருவநிலை நெருக்கடியையும் மின்கட்டணத்தையும் வாடகையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், பெரும் பணக்காரர் பெயரைச் சொல்லித் தயங்காமல் கேட்க வேண்டும், வலதுசாரி ரிஃபோர்ம் கட்சியின் ஃபராஜ் போன்றவர்கள் மக்களிடம் நேராகப் பேசும் துணிவு நம்மிடமும் வேண்டும் என்பது அவர் பேச்சு. பேச்சு என்றால் பேச்சு! நடிகராக இருந்தவர், இடைவெளி எங்கே விட வேண்டும் என்று தெரியும். 2013இல் மனோவசிய (ஹிப்னோசிஸ்) சிகிச்சையாளராக இருந்தபோது, மனத்தின் வலிமையால் மார்பகத்தைப் பெரிதாக்கலாம் என்ற ஒரு பத்திரிகைக் கட்டுரையில் சிக்கியது அவரை இன்னும் துரத்துகிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

படாமல் போகாதது நேட்டோ. 2023இல் மாநாடு, நேட்டோவிலிருந்து வெளியேறுவது என்ற பழைய நிலைப்பாட்டை, அதில் இருந்துகொண்டே அதைத் திருத்துவது என்று மாற்றியது. பொலான்ஸ்கி வெளியேறும் திசையில் பேசினார். வெளிநாட்டு இராணுவங்கள் வந்து போனதைச் சிறுமியாகப் பார்த்த எனக்குக் கூட்டணிகள் மீது அன்பு எதுவும் இல்லை. ஆனாலும் உக்ரைன் எரியும்போது, வெளியே வந்த பிறகு என்ன என்பதற்கு முழுமையான பதில் எதிர்பார்த்தேன். கிடைத்தது போதவில்லை.

விவாதங்கள் போதிய அளவு நடந்தன, சில சலிப்பு. எல்.பி.சி. வானொலியில் நெறியாளர் ராம்சேயைப் பார்த்து, பொலான்ஸ்கியை உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டார். நேரான பதில் வரவில்லை. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், வாழ்நாள் தொழிற்கட்சிக்காரர், சிரித்துவிட்டார். "உமக்கு ஏன் இந்த வேலை? ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள் எங்கள் கட்சியில் போதாதா?" என்றார். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

வாக்களிக்கும் முறைக்கு முழு மதிப்பெண். இணைய வழி, இலங்கை ஜனாதிபதித் தேர்தல்போல 1, 2, 3 என்று விருப்பு வரிசை. எவரையும் பிடிக்காவிட்டால் வேட்புமனுவை மறுபடி திறக்கச் சொல்லும் தெரிவும் சீட்டில் உண்டு. அது வென்றால் உண்மையிலேயே தேர்தல் மறுபடி நடக்கும். இந்தியாவின் நோட்டாவைவிட உருப்படியான ஏற்பாடு. காலம்தான் நீளம். மே மாதம் தொடங்கிய போட்டியின் முடிவு செப்டெம்பர் 2இல்தான் வந்தது. அதற்குள் கட்சிக்குள்ளேயே கசப்பு ஏறிவிட்டது. இவ்வளவு நீட்டியும் வாக்களித்தவர்கள் பத்தில் நான்கு பேருக்கும் குறைவு. அறுபதாயிரத்துக்கு மேல் உறுப்பினர் உள்ள கட்சியில் பொலான்ஸ்கிக்கு 20,411 வாக்குகள், ராம்சே-சௌன்ஸுக்கு 3,705. ஏறத்தாழ 85 வீதம்.

அந்த 3,705இல் ஒன்று என்னுடையது. சௌன்ஸுக்காகப் போட்டேன், இன்றும் அப்படித்தான் போடுவேன். அதே சமயம், வந்த சரக்கு வேலை செய்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஒக்டோபரில் உறுப்பினர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், எந்தக் கட்சியையும் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள், பொலான்ஸ்கியின் காணொளியைக் காட்டி என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். துணைத் தலைவர்களாக வந்த ரேச்சல் மில்வர்டும் மொதின் அலியும் ஒருவர் சசெக்ஸ், ஒருவர் லீட்ஸ். கிராமமும் நகரமும் அந்த அளவிலாவது சேர்ந்திருக்கின்றன.

ஐந்துக்கு மூன்றரை. நிதானமான, ஆரவாரமில்லாத கட்சி தேடுபவர்கள் இப்போது சேர வேண்டாம். கோபம் இருந்தும் போக இடமில்லாதவர்கள் சேரலாம். சேர்ந்தால் தலைமைத் தேர்தலோடு நின்றுவிடாமல் மாநாட்டுக்கும் போங்கள், உண்மையான சமையல் அங்கேதான். 2025 ஒக்டோபரில் போர்ண்மௌத் மாநாடு, தனியார் வீட்டு உரிமையாளர் முறையையே ஒழிப்பது என்ற தலைப்பில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கும் வீட்டுக் கடனை நிறுத்துவதும் அதில் அடக்கம். இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களில் பாதிப் பேரின் வரிக் கணக்கு என் மேசையில் இருக்கிறது. நான் எந்தக் கட்சி என்று இதுவரை அவர்கள் எவரும் கேட்டதில்லை.