மேக்பெத்துக்கு வாங்கிய ரத்தம்: முகத்துக்கு நல்லது, கைக்கு ஆகாது

நாடக ரத்தம் 100 மில்லி பாட்டில், 380 ரூபாய், தாதரில் மேக்கப் சாமான் விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், பாட்டிலில் கம்பெனிப் பெயரும் ஒழுங்காக இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றையும் பாங்கோதான் வாங்கிக் கொடுத்தான், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் குறை மூடி. தாதரில் ரயில் ஏறி மாதுங்கா வருவதற்குள் பையின் அடி நனைந்து என் பேன்ட் முட்டிக்கு மேல் சிவப்பாகிவிட்டது, எதிரே உட்கார்ந்திருந்தவர் "க்யா ஹுவா பாய்?" என்று எழுந்தே விட்டார். நாடகத்துக்கு வாங்கியது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன், அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. சயானில் நான் இறங்கும்வரை பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. மும்பை லோக்கலில் சாயங்கால நேரத்தில் இப்படி ஒரு வசதி 380 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

தாராவியில் நாங்கள் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி நாடகம் போடுகிறோம். இந்த முறை மேக்பெத், பதவி ஆசையில் மன்னனைக் கொன்று அரசனாகிறவன் கதை. இயக்கம் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், பகலில் மளிகைக் கடை. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மேக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழாக்கியவர், அதே மாதிரி நாமும் பெயரை மாற்றலாம் என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். மேக்பெத்தாக நடிக்கிற தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே மேக்பெத் என்று போட்டுவிட்டானாம். சரி, பழைய பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத்தாக எங்கள் டீச்சர், ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். சாமான், மேக்கப், திரை எல்லாம் நான்.

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் ஆகச் சிறியது இதுதான். அதையும் வெட்டி ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். அப்படி வெட்டும்போது முதலில் போனது வாயிற்காவலன் காட்சி. டங்கன் மன்னனைக் கொன்ற கையோடு கோட்டைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும், அந்த நேரம் பார்த்து ஒரு குடிகாரக் காவலன் வந்து நரகத்தின் வாசலுக்கே நான்தான் காவல் என்று உளறிக்கொண்டு, விளைச்சல் கொட்டப்போகிறது என்று தெரிந்து தூக்குப் போட்டுக்கொண்ட விவசாயி, துணி திருடிய தையல்காரன் என்று ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவான். கதைக்கு எதற்கு இது என்று எடுத்துவிட்டோம்.

அதன் பலன் முதல் முழு ஒத்திகையில் தெரிந்தது. கொலை செய்துவிட்டு மேக்பெத் இரண்டு கையிலும் ரத்தத்தோடு வருகிறான். கத்திகளை அங்கேயே விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், திரும்பப் போய் வைக்கப் பயம். லேடி மேக்பெத் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், தூங்குகிற காவலர்கள் மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு வந்து, என் கையும் உன் கை நிறம்தான், ஆனால் உன்னைப் போல வெளிறிய நெஞ்சு எனக்கு இல்லை என்கிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்கிறாள். இருவரும் உள்ளே ஓடுகிறார்கள், அடுத்து ஒன்றும் தெரியாதவர்களாக வெளியே வர வேண்டும். எங்கள் கணக்கில் அதற்கு நாற்பது நொடி. திரைக்குப் பின்னால் நான் வாளியும் சோப்பும் துண்டுமாக நிற்கிறேன், டீச்சர் தேய்க்கிறார், தேய்க்கிறார், ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் ரோஸ் நிறம் அப்படியே நிற்கிறது. பாட்டிலில் 'வாஷபிள்' என்று எழுதியிருக்கிறது. நாற்பது நொடி முடிந்து, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போனார்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "எலே, அந்தக் குடிகாரனை எதுக்கு எழுதி வச்சிருக்கான்னு இப்பத்தாம்லே புரியுது" என்றார். நடிகர் கை கழுவி உடை மாற்ற நேரம் வேண்டும் என்றுதான் அந்தக் காட்சியே வந்தது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் எங்கோ படித்தபோது சிரித்திருக்கிறேன், வாளியோடு நின்ற பிறகு சிரிப்பு வரவில்லை. கூத்தில் கட்டியக்காரன், ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என்று வளர்ந்த நாமே அந்த ஆளை முதலில் வெட்டினோம் பாருங்கள். அடுத்த வாரமே காவலனைத் திரும்பக் கூப்பிட்டோம், அசல் தாராவித் தமிழில் நாலு நிமிடம் பேசுகிறான், நாடகத்திலேயே அதிகமாகக் கைதட்டு வாங்குவது அவன்தான்.

நாலு நிமிடம் கிடைத்தும் கை சுத்தமாகவில்லை. இரண்டு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது இதற்குத்தான். கை சுத்தமாகாமல் போனால் என்ன, தூரத்தில் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். பிரச்சினை கடைசியில் வருகிற தூக்கத்தில் நடக்கும் காட்சி. லேடி மேக்பெத் மெழுகுவர்த்தியோடு வருகிறாள், கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வைத்தியரும் பணிப்பெண்ணும் ஒளிந்து நின்று பார்க்கிறார்கள். கையைக் கழுவுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே, கிழவனுக்குள் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தது என்கிறாள், அரேபியாவின் அத்தனை வாசனைத் திரவியமும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது என்கிறாள். அங்கே கையில் ஒன்றுமே இருக்கக் கூடாது. வெள்ளைவெளேர் என்று இருக்கிற கையில் அவள் மட்டும் கறையைப் பார்த்தால்தான் அது பைத்தியம். நிஜமாகவே கறை இருந்தால் சோப்புப் பத்தாத ஒரு வீட்டுக்காரி, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் அம்மா உள்ளே வந்தார். ஆலத்தி கரைத்துக் கொடுக்கிறேன், பழைய நாடகக்காரர்கள் அதைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்றார். மஞ்சளும் சுண்ணாம்பும், செலவு பத்து ரூபாய் கூட இல்லை. மேடை விளக்கில் ரசம் மாதிரி தெரிந்தது, அது வேலைக்கு ஆகவில்லை. ஆனால் கை கழுவும்போது ஒன்று நடந்தது. தண்ணீரில் அலசினால் வெறும் மஞ்சளாகத்தான் தெரிந்தது, சோப்புப் போட்டதும் குப்பென்று மறுபடி சிவந்தது. சுண்ணாம்பு செய்கிற அதே வேலையைச் சோப்பிலிருக்கிற காரமும் மஞ்சளுக்குச் செய்யும், எலுமிச்சை தடவினால்தான் திரும்ப மஞ்சளாகும். டீச்சர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் சோப்புப் போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் அவர் தேய்க்கிற வேகமே மாறிவிட்டது. முதலில் அவசரமாகத் தேய்ப்பார், நடுவில் நிறுத்தி உற்றுப் பார்ப்பார், பிறகு பயந்து பயந்து விரல் நுனியால் மட்டும் தொடுவார்.

மேக்பெத் தம்பிக்கு வேறு சிக்கல். குற்ற உணர்ச்சி என்றால் கடைசிவரை அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அவனுக்குச் சிலப்பதிகாரம் சொன்னார். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அந்த நிமிஷமே "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் விழுந்து செத்துவிட்டான், கோப்பெருந்தேவியும் போய்விட்டாள், அந்த நெஞ்சு அப்படி. மேக்பெத் அதைத் தாண்டிப் போய்விட்டவன். கொலைக்கு முன்னால் வேண்டாம் என்று அவனே சொல்கிறான், தன்னைக் குத்துவது வெறும் பேராசைதான் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் விருந்தில், தானே ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவியைப் பார்த்து அலறிய பிறகு, ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கியாயிற்று, திரும்பி நடப்பதும் முன்னே போவதும் ஒரே அலுப்புதான் என்கிறான். நடுங்கியவன் கல்லாகிறான், தண்ணீர் போதும் என்றவளுக்குத் தூக்கம் போகிறது. அதனால் பிற்பாதியில் தம்பி அழக் கூடாது, கொட்டாவி விடலாம் என்றார் அண்ணாச்சி. அவன் விட்டும் பார்த்தான், நன்றாகவே இருந்தது.

பாங்கோவுக்கு வருகிறேன். தலையில் இருபது வெட்டு என்று கொலைகாரன் கணக்குச் சொல்கிறான், இடம் போதாமல் நான் ஏழு போட்டேன். இங்கே இந்த பாட்டிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. கெட்டியாக நிற்கிறது, கண்ணுக்குள் வழிவதில்லை, மஞ்சள் விளக்கில் ஓரம் கறுத்து நடுவில் பளபளக்கிறது. அந்தப் பையன் அதே முகத்தோடு வெளியே போய் வடாபாவ் தின்றுவிட்டு வந்தான், ஒரு கோடு அழியவில்லை. மேக்பெத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதேவிட்டது.

கைக்குக் கடைசியில் நாங்களே தயாரித்தோம். கேக் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ், சிவப்பு ஃபுட் கலர், ஒரு சொட்டு நீலம், கொஞ்சம் கோகோ பவுடர், கூடவே ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுகிற லிக்விட். கடைசிச் சாமான் இருப்பதால் வாயில் படக் கூடாது. பூசுவதற்கு முன் பலாப்பழம் வெட்டப் போகிற மாதிரி கை முழுக்கத் தேங்காய் எண்ணெய். காவலன் பேசி முடிப்பதற்குள் கை பளிச்சென்று ஆகிவிடுகிறது, ஒரு நிமிடம் மிச்சம் கூட.

மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போனேன், பில் இல்லாமல் முடியாது என்றார்கள். பில் பைக்குள்தான் இருந்தது, ரத்தம் ஊறி ஒரு எழுத்து தெரியவில்லை. பாட்டிலில் பாதி இன்னும் இருக்கிறது. பாங்கோ மாதிரி வேஷம் யாருக்காவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம், மூடிக்கு மட்டும் செலோடேப் கொண்டுவாருங்கள்.