யூடியூபா, கோயிலா, வீடா: கொரோனாக் கால ஆராதனையில் யார் விடுபட்டார்கள்?

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது கிறிஸ்தவர்களின் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) பாதி தாண்டியிருந்தது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர் எல்லாமே கோயில் (தேவாலயம்) பூட்டிக் கிடக்கக் கடந்து போயின. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இருந்தவை மூன்று வழிகள்: யூடியூப் நேரலை, ஆட்களைப் பிரித்துக் கோயிலில் ஆராதனை, வீட்டில் குடும்ப ஜெபம். இவற்றை ஒப்பிட ஒரே கேள்வி போதும் என்று நினைக்கிறேன். எழுபது வயதைத் தாண்டி, தனியாக, பட்டன் போனோடு இருக்கும் ஒரு பாட்டிக்கு எது போய்ச் சேர்ந்தது?

நேரலையின் பலம் பெரியது. நோய் பரவாது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் ஊர்ச் சபையின் பிரசங்கத்தைக் கேட்கலாம். ரோமில் போப் பிரான்சிஸ் 2020 மார்ச் 27 அன்று ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று ஜெபித்ததை உலகமே திரையில் பார்த்தது. ஆனால் ஸ்மார்ட்போனும் டேட்டாவும் இல்லாதவருக்கு நேரலை இருந்தும் இல்லாததுதான். அந்தப் பாட்டி இங்கேயே விடுபட்டார்.

சரி, கோயில் திறந்த பிறகாவது? தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. மருத்துவக் காரணம் சரியானதே. ஆனாலும் திரை எட்டாத அதே மனிதர்தான் இங்கேயும் வாசலுக்கு வெளியே நின்றார்.

பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாட்டைப் போடலாம் என்றும் அந்த ஜூன் வழிகாட்டுதலில் இருந்தது. பாமாலையும் கீர்த்தனையும் இல்லாத ஆராதனை எனக்கு வலித்தது. ஆனாலும் இந்தக் கட்டுப்பாட்டை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஸ்காகிட் வேலி பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்று, இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டரை மணி நேரப் பாட்டு செய்த வேலை இது. ஜன்னல் திறந்து, ஆராதனையைச் சுருக்கி, முடிந்தால் மரத்தடியில் நடத்தி, பாட்டை விட்டுவிட்ட சபைகள் செய்ததுதான் சரி.

2021-ல் இன்னொரு சிக்கல் வந்தது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தலங்களை மூடச் சொன்னது மாநில அரசு. வாரத்தின் மற்ற நாளில் போய் ஜெபிக்கலாம்தான். ஆனால் சபை கூடும் நாளே ஞாயிறு. கூலி வேலைக்குப் போகிறவர் புதன்கிழமை காலையில் எப்படி வருவார்?

குடும்ப ஜெபம் பழைய பழக்கம், செலவில்லை. குடும்பம் இருப்பவர்களுக்கு இதுவே மூன்றிலும் சிறந்தது என்பேன். தனியாக இருப்பவருக்கு? அங்கேதான் நான்காவது வழி ஒன்று எல்லாவற்றையும்விட மேலாக நின்றது: போன் அழைப்பு. ஐயரோ (சபைப் போதகர்) சபை மூப்பரோ கூப்பிட்டு, ஒரு சங்கீதம் வாசித்து, பெயர் சொல்லி ஜெபிப்பது. பட்டன் போனே போதும். எண்ணிக்கை காட்ட முடியாத வேலை என்பதால் பல இடங்களில் கேமராவுக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை.

திருவிருந்தை (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு) மட்டும் திரையிலோ போனிலோ கொடுக்க முடியாது. சில புராட்டஸ்டன்ட் சபைகளில் அவரவர் வீட்டு அப்பத்தையும் ரசத்தையும் திரைமுன் வைத்து எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள், அப்பத்தை வாங்க முடியாதபோது மனதால் கிறிஸ்துவை ஏற்கும் ஆன்மீக நற்கருணை ஜெபத்தோடு காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருப்பதே நேர்மையாகப் படுகிறது. தொற்று தணிந்த மாதங்களில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வழக்கமாகக் கொண்டுபோவதைப் போல, முகக்கவசத்தோடு ஐயர் முதலில் முதியவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கலாம். கோயிலில் திருவிருந்துப் பந்தி அதற்கு அப்புறம் நடந்திருக்கலாம்.