ஹார்ட் டிஸ்க் போகவில்லை, பைதனைக் கழற்றியிருந்தார்கள்

மட்டக்களப்பு டவுனில் லினக்ஸ் லெப்டொப்பைத் திருத்தக் கொடுப்பவர்களுக்கு இது. கறுப்புத் திரையைக் காட்டி "ஹார்ட் டிஸ்க் போயிட்டு" என்றால் ஃபோர்மட் பண்ண விடாதீர்கள். காசும் கொடுக்காதீர்கள்.

தங்கச்சி வந்தாறுமூலையில் படிக்கிறாள். அவளுடைய லெப்டொப்பில் உபுண்டு 22.04, லினக்ஸில் ஒரு வகை. புரொஜெக்டுக்குப் பைதன் என்ற புரோகிராமிங் மொழியின் புதிய வேர்ஷன் தேவைப்பட, ஒரு கடையில் பாஸ்வேர்டோடு கொடுத்துவிட்டு வந்தாள். பின்னேரம் முதலாளி போன் எடுத்தார்: "ஹார்ட் டிஸ்க் போயிட்டு தங்கச்சி. டேட்டா எடுக்க 18,000 வரும். மறுகா புது டிஸ்க் போட வேணும், அது வேற காசு." பயந்துபோய் 5,000 முற்பணமும் கட்டிவிட்டாள்.

நான் போய் லெப்டொப்பை வாங்கி வந்தேன். ஒன் பண்ணினால் டெஸ்க்டொப் இல்லை, வெறும் கறுப்பு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் லொகின் கேட்டது. செத்த டிஸ்க் இவ்வளவு தூரம் வராது. உள்ளே போய்ப் பார்த்தால் ஹோம் ஃபோல்டரில் அவளுடைய புரொஜெக்ட், படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

உபுண்டுவில் மென்பொருள்களை (பெக்கேஜ்) போடவும் கழற்றவும் 'ஆப்ட்' என்ற கொமாண்ட் இருக்கிறது. அதால் எந்த பெக்கேஜைப் போட்டாலும் கழற்றினாலும் கணக்கு எழுதப்படும். 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அங்கே ஹிஸ்ட்ரி.லாக் என்ற ஃபைல். அதைத் திறந்தேன். கொமாண்ட் அப்படியே இருந்தது: ஆப்ட் ரிமூவ் பைதன்3, பின்னால் ஒரு ஹைஃபன் வை (-y, அதாவது 'யெஸ்'). பழைய பைதனைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போடலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். உபுண்டுவில் பைதன்3 தனியாக நிற்பதில்லை; டெஸ்க்டொப்பைக் காட்டும் ஜினோம் ஷெல், லொகின் திரை, டெர்மினல் என்று பலதும் அதில் தொங்குகின்றன. அதனால் எல்லாம் சேர்ந்து போயிற்று. எவையெவை கழலப்போகின்றன என்று பட்டியல் காட்டித்தான் ஆப்ட் சம்மதம் கேட்கும். அந்த -y போட்டால் கேட்காது.

திருப்பி எடுப்பது பெரிய வித்தையில்லை. போனை யூஎஸ்பி வயரால் கொழுவி டெதரிங் ஒன் பண்ணினேன். நெட் வரவில்லை, நெட்வேர்க் முகவரி வாங்கும் டிஎச்கிளையன்ட் கொமாண்டைச் சூடோவோடு (அட்மின் அதிகாரத்தோடு) கொடுத்ததும் வந்தது. அப்புறம் சூடோ ஆப்ட் அப்டேட், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டொப். ரீபூட் பண்ணியதும் பழைய வால்பேப்பரோடு எழும்பியது. ரிமூவ் என்பது பெக்கேஜைத்தான் கழற்றும், உங்கள் ஃபைல்களைத் தொடாது. இதோடு எல்லாம் திரும்பிவிடும் என்றில்லை. விடுபட்டவற்றை அதே ஹிஸ்ட்ரி.லாக்கில் 'ரிமூவ்' என்ற வரியைப் பார்த்துப் போட வேண்டும். லொகின் வரைக்கும்கூட வராத மெஷின் என்றால் உபுண்டு பென்டிரைவில் பூட் பண்ணி, டிஸ்க்கை மவுன்ட் செய்து, சிஎச்ரூட் என்ற கொமாண்ட் மூலம் அந்த டிஸ்க்கில் உள்ள உபுண்டுவுக்குள்ளே போய் இதையே செய்யலாம்.

லாக்கைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி சளைக்கவில்லை. "இதில உங்கட தங்கச்சிர பேர்தானே இருக்கு தம்பி, அவதான் அழிச்சிருக்கா." பெயர் இருப்பது உண்மைதான். அவளுடைய பாஸ்வேர்டால் சூடோ கொடுத்தால் யார் கொடுத்தாலும் அவள் பெயர்தான் விழும். ஆனால் அதே இடத்தில் தேதியும் நேரமும் விழுந்திருக்கிறதே! அந்த நேரத்தில் லெப்டொப் அவருடைய மேசையில் இருந்தது. பாரம் எடுத்த ரசீது அவர் கையால் எழுதியது. அதைக் காட்டியதும் "பொடியன் என்னமோ செய்திட்டான்" என்று இறங்கினார். காசை மட்டும் தரவில்லை, 'செக்கிங் சார்ஜ்' ஆம்.

வேலை தெரியாததைக்கூட மன்னிக்கலாம். இல்லாத டிஸ்க் பழுதுக்கு விலை சொன்னதை என்னவென்று சொல்வது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கடையின் பெயர் கேட்டு இன்பொக்ஸில் வராதீர்கள், அது முடியும் வரை சொல்ல மாட்டேன்.