எங்க வீட்டு செடித் தொட்டிக்கு மூணு வயசு

இந்த ஆடி வந்தா எங்க வீட்டு பிளான்டட் டேங்க், அதாவது தண்ணிக்குள்ளயே செடி வளர்க்கிற மீன் தொட்டி, போட்டு மூணு வருஷம். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், கணக்குக்கு 56 லிட்டர், மண்ணு கட்டை எல்லாம் போக 45 லிட்டர் தண்ணிதான் நிக்கும். பெரம்பூர்ல மூணாவது மாடி, மேல மொட்டை மாடி, சித்திரை வெயில் அப்படியே உள்ள இறங்கும். இங்க சென்னையில செடி வெச்சு தொட்டி போடணும்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா வீடியோவுல காட்டுற தண்ணியும் குளிரும் நம்ம ஊர்ல கிடையாது.

தொட்டி, ஸ்டாண்ட், எல்இடி லைட், பில்டர் எல்லாம் கொளத்தூர்ல வாங்குனது. அடியில சலிச்ச செம்மண் ஒரு இன்ச், அதுல ரெண்டு கை மண்புழு உரம், மேல நல்லா கழுவுன மணல் ஒன்றரை இன்ச். செடித் தொட்டிக்குன்னே விக்கிற விலை கூடுன அக்வா சாயில் மண்ணு போடல, அது இல்லையேன்னு இன்னைக்கு வரைக்கும் தோணல.

மொத தப்பு அவசரம். ஒரு கடையில மறுநாளே மீன் விடலாம்னு சொன்னாங்க, நம்பி ஆறு நியான் டெட்ரா விட்டேன், அஞ்சு நாள்ல ஆறும் போச்சு, என் பொண்ணு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அப்புறம்தான் படிச்சு புரிஞ்சுகிட்டேன், மீன் கழிவு, மண்ணுல இருக்கிற உரம் ரெண்டுலேருந்தும் அமோனியா வரும், அத நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா பில்டர் ஸ்பாஞ்சுலயும் மணல்லயும் பெருகுறதுக்கு நாலுலேருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுக்கப்புறம் ஆறு வாரம் வெறும் செடியோட விட்டுட்டேன். டெஸ்ட் கிட்ல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ வந்த பிறகுதான் அடுத்த மீன்.

அந்த ஆறு வாரத்துல கிரிப்டோகொரைன் வென்டிங்கிற செடியைப் பார்த்து ரொம்ப பயந்துட்டேன். இலங்கை ஆறுகள்ல வளர்ற செடி அது. நட்ட ஒரு வாரத்துல இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டா கொழகொழன்னு கையோட வருது. அம்மா பிடுங்கிப் போட்டுடு, தண்ணி நாறிடும்னாங்க. அழுகுன இலைய மட்டும் எடுத்துட்டு வேரைத் தொடாம விட்டேன். பதினெட்டாவது நாள் காலையில டார்ச் அடிச்சு பார்க்கிறேன், மணலுக்கு மேல வெந்தயம் அளவுக்கு பழுப்பா ஒரு நுனி சுருண்டு நிக்குது. இப்ப அந்த ஒரு மூடுதான் தொட்டியில கால்வாசி இடம். நர்சரியில தண்ணிக்கு வெளிய வளர்த்த செடி பழைய இலைய உதிர்த்துட்டுதான் தண்ணிக்குள்ள புது இலை விடும், இடம் மாறுனாலும் கிரிப்டோகொரைன் இப்படித்தான் கரையும், தயவுசெஞ்சு பிடுங்கிடாதீங்க. அனுபியாஸ்ங்கிற செடி மட்டும் வேற மாதிரி, அதோட தடிச்ச கிழங்க மணல்ல புதைச்சா அழுகிடும், கட்டையில நூல் போட்டு கட்டுங்க.

இப்ப தண்ணிக்கு வரேன், மூணு வருஷத்துல நான் கத்துகிட்டதுல பெருசு இதுதான். எங்க போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 1100, ஆர்ஓ தண்ணிக்கு 60. வெறும் ஆர்ஓல செடிக்கும் கப்பி மீனுக்கும் வேண்டிய கால்சியம் இருக்காது, வெறும் போர் தண்ணி ரொம்ப கடினம், அதனால ஒரு பங்கு போர், ரெண்டு பங்கு ஆர்ஓ கலந்தா 400 கிட்ட நிக்குது. மொத கோடையில கிளிப் பேன் வெச்சு தண்ணி மேல காத்து அடிக்க விட்டேன், 32 டிகிரி 29க்கு இறங்குச்சு, ஆனா தினமும் ஒரு லிட்டர் ஆவியாகுது. அந்த குறையை போர் தண்ணியாலேயே ஊத்திகிட்டு இருந்தேன். வாராவாரம் முப்பது சதவீதம் தண்ணி மாத்தியும் ஒரு மாசத்துல டிடிஎஸ் 800 தாண்டிருச்சு, கண்ணாடியில வெள்ளைப் படிவு, புது இலையெல்லாம் சின்னதா மஞ்சளா வருது. ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு பூரா உள்ளயே தங்கிடும், நான் தினமும் மேல மேல உப்பு சேர்த்துகிட்டே இருந்திருக்கேன். ஆவியான அளவுக்கு ஆர்ஓ மட்டும் ஊத்துங்க, கலந்த தண்ணி வாராந்திரம் மாத்துறதுக்கு மட்டும். மெட்ரோ வாட்டர் பிடிக்கிறவங்க குளோரின் நீக்குற சொட்டு மருந்து கண்டிப்பா போடணும், இல்லன்னா பில்டர்ல இருக்கிற அந்த பாக்டீரியாவே செத்துடும்.

பாசி பிரச்சனை எனக்கு லைட்டாலதான் வந்துச்சு. பத்து மணி நேரம் எரிய விட்டேன், அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கருப்பு தாடி பாசி. டைமர் போட்டு ஆறு மணி நேரம் ஆக்குனதும் ரெண்டு மாசத்துல அடங்குச்சு. நடுவுல பாசிக்குன்னு லிக்விட் கார்பன்ங்கிற மருந்து ஊத்துனேன், பாசி குறையறதுக்கு முன்னாடி வேலிஸ்னேரியாங்கிற நீளப் புல்லு மாதிரி செடி கரைஞ்சுது, அத நிறுத்திட்டேன். வேலிஸ்னேரியா நம்ம தண்ணிக்குன்னே இருக்கிற செடி, கடினத் தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டையே கார்பனுக்கு எடுத்துக்கும், அதனால செடிக்கு கார்பன் டை ஆக்சைடு விடுற சிஓடூ சிலிண்டர் எனக்கு தேவையே படல.

மீன் இப்ப கப்பியும் ஒரு ஜோடி ஹனி கௌரமியும். சூட்டுல தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சாலும் கௌரமி மேல வந்து காத்து எடுத்துக்கும். கப்பிக்கு அது முடியாது, அதனால கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு எப்பவும் சார்ஜ்ல இருக்கு. நியான் திரும்ப வாங்கல, எங்க வீட்டு சூட்டுக்கு அது சரிப்படாது.

தொட்டி முன் கண்ணாடியில மார்க்கர்ல ஒரு கோடு போட்டிருக்கேன், காலையில அம்மா அந்த கோடு வரைக்கும் ஒரு சொம்பு ஆர்ஓ ஊத்துறாங்க, ஞாயித்துக்கிழமை எடுக்கிற பழைய தண்ணி மாடியில கறிவேப்பிலைக்குப் போகுது. வேலிஸ்னேரியா ஓடுகொடி விட்டு நிறைய குட்டி போட்டிருக்கு, போன வாரம்தான் கீழ் வீட்டுப் பையனுக்கு பத்து குட்டி வேரோட ஈரத் துணியில சுத்திக் கொடுத்தேன், ஆறு வாரம் கழிச்சுதான் மீன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.