டயர் சென்சர் 30ங்குது, கைல இருக்குற கேஜ் 33ங்குது, எதைத்தான் நம்புறது

ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டுத்தான் எழுதுறேன். என்னோடது சின்ன ஹேட்ச்பேக், கம்பெனி ஃபிட்டிங்ல டயர் காத்தழுத்தத்தக் காட்டுற சென்சர் வரல, அதனால ஆன்லைன்ல ஒரு செட் வாங்குனேன். வால்வு மூடிய கழட்டிட்டு அதுக்கு பதிலா திருகுற டைப், நாலு சென்சர், டேஷ்போர்டு மேல வைக்கிற சோலார் டிஸ்ப்ளே, எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள. கூடவே வால்வுல வச்சு காத்தழுத்தம் அளக்க அறுநூறு ரூவாய்க்கு ஒரு டிஜிட்டல் கேஜ். வீட்ல ஏற்கனவே அப்பா வாங்குன டயல் கேஜ் ஒண்ணு கெடந்துச்சு. வம்பே அங்கதான், மூணும் மூணு நம்பர் சொல்லுச்சு.

மாட்டுன அன்னிக்கு மதியம் ரெண்டு மணி வெயில்ல எட்டு கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போயி பங்க்ல 33 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்குற அலகு) அடிச்சுட்டு வந்தேன். மறுநாள் காலைல டிஜிட்டல் 30.5ங்குது, டயல் 28ங்குது, டிஸ்ப்ளே மட்டும் ஜம்முனு 32.5 காட்டிட்டு நிக்குது. சரி சென்சர்தான் கரெக்ட்டு, கேஜ் ரெண்டும் டுபாக்கூர்னு நெனச்சு வண்டிய எடுத்தா தெருமுனை திரும்புறதுக்குள்ள அதுவும் 29.5க்கு வந்துருச்சு! அப்புறம்தான் வெளங்குச்சு, வண்டி நின்னுட்டா பேட்டரி மிச்சம் பண்ண சென்சர் தூங்கிரும், டிஸ்ப்ளேல இருக்குறது முந்தின நாளு நம்பரு, சக்கரம் உருண்டாத்தான் புதுசா அனுப்பும். காத்து எங்கயும் போகல, சூட்டுல 33 இருந்தது ராத்திரி ஆறுனதும் எறங்கிருச்சு, அவ்ளோதான். 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ மாறும்னு வச்சுக்கலாம். டிரைவர் டோரத் தொறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்குற நம்பர் ஆறுன டயருக்குத்தான், ஓட்டிட்டு வந்து அளந்து "ஐயோ 36 ஆச்சே"ன்னு எறக்கி விட்டுடாதீங்க.

ஆனாலும் எது உண்மைன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல. நம்ம ஊரு கோயம்புத்தூர், பம்ப் கம்பெனிக்கா பஞ்சம், ஃப்ரெண்டு ஒருத்தன் கருவியெல்லாம் சரியா அளக்குதான்னு சோதிக்கிற காலிப்ரேஷன் செக்‌ஷன்ல இருக்கான், ரெண்டு கேஜையும் அவன்ட்ட குடுத்து மாஸ்டர் கேஜோட வச்சுப் பாக்கச் சொன்னேன். டிஜிட்டல் எங்க வச்சாலும் அரை பிஎஸ்ஐ கூட, அது பரவால்ல, கழிச்சுக்கலாம். டயல் 33க்கு 31 காட்டுச்சு. "டேய் இது 100 பிஎஸ்ஐ டயல்டா, 2 பர்சன்ட் எரர்னு போட்டா மொத்த அளவுல 2 பர்சன்ட், அப்ப ரெண்டு பிஎஸ்ஐ தப்பு வந்தாலும் அது நல்ல கேஜ்தான்"னான். கார் டயருக்கு டயல் வாங்குறவங்க 60ல முடியுறதா பாத்து வாங்குங்க.

இப்ப சென்சர். காலைல ஆறுன டயர்ல டிஜிட்டல வச்சு சரியா 33 வச்சேன், கொஞ்ச தூரம் உருட்டிப் பாத்தா மூணு சக்கரம் 32.5, பின்னாடி எடது பக்கம் மட்டும் 31. சக்கரமா சென்சரான்னு தெரிய அதைக் கழட்டி முன்னாடி வலதுல மாட்டுனேன், டிஸ்ப்ளேல 31 முன்னாடிக்கு வந்துருச்சு. அந்த ஒரு சென்சர் மட்டும் எப்பவும் ஒன்றரை கம்மி. இந்தக் காசுக்கு இது ஓகேதான்னு விட்டுட்டேன்.

நெஜமாவே மண்டை காஞ்சது ஊட்டில. கோவைல காலைல 33 வச்சுட்டுப் போனது, அங்க ராத்திரி தங்கி காலைல குளிர்ல பாத்தா டிஸ்ப்ளே 30.5, கேஜ் 33.5. மூணு பிஎஸ்ஐ வித்தியாசம்! பஞ்சரோன்னு பயந்துட்டேன். ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டா சிரிக்கிறான். கேஜ் அளக்குறது உள்காத்து வெளிக்காத்த விட எவ்ளோ அதிகம்னு. சென்சர்ல இருக்குற சிப்பு உள்ள இருக்குற மொத்த அழுத்தத்த அளந்துட்டு, அதுல வெளிக்காத்துக்குன்னு கடல்மட்டக் கணக்குல ஒரே நம்பரக் கழிச்சுரும், சுமாரா 14.5. ஊட்டி 2240 மீட்டர், அங்க வெளிக்காத்தே 11 சொச்சம்தான், அந்த மூணுதான் கம்மியா தெரியுது. எல்லா சென்சரும் இப்படி இல்ல, என்னோடது இப்படி. மலைல டிஸ்ப்ளேவப் பாத்து காத்து அடிச்சிருந்தேன்னா கீழ எறங்குறதுக்குள்ள கல்லு மாதிரி ஆயிருக்கும்.

அப்ப சென்சர் வேஸ்ட்டான்னா, இல்லைங்க. போன மாசம் சேலம் போறப்ப சங்ககிரி தாண்டி பின் சக்கரம் 34ல இருந்து 31, 28னு கண்ணு முன்னாடி எறங்குச்சு, 26ல பீப் அடிச்சுது, ஓரங்கட்டிப் பாத்தா ஆணி. ஸ்டியரிங்ல ஒண்ணுமே தெரியல. கேஜ் டிக்கில தூங்கிட்டு இருந்துச்சு. காத்து கொறஞ்சா எரியுற லைட் கம்பெனிலயே வர்ற வண்டி வச்சிருக்குறவங்களும் ஒண்ணு பாத்துக்கணும், அமெரிக்கால 2007ல எல்லா புது கார்லயும் கட்டாயமாக்குன ரூல்லயே 25 பர்சன்ட் கொறஞ்சாத்தான் லைட் எரியணும்னு இருக்கு, 33 வேண்டிய டயர் 25க்கு வர்ற வரைக்கும் அது வாயத் தொறக்காட்டி அது ஃபால்ட்டு இல்ல. பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் லாக் ஆகாமப் பாத்துக்குற ஏபிஎஸ்ஸோட சென்சர வச்சு சக்கரம் சுத்துறதக் கணக்குப் பண்ற டைப்புன்னா நம்பரே வராது, காத்து அடிச்சதும் ரீசெட் பண்ணலேன்னா அதுவும் கொழம்பும்.

கடுப்பான விஷயம்னா காத்து அடிக்க ஒவ்வொரு தடவையும் குட்டி ஸ்பேனர வச்சு லாக் நட்ட லூஸ் பண்ணி சென்சரக் கழட்டணும், பங்க்ல பின்னாடி நிக்குறவன் ஹாரன் அடிக்கிறான். டிஸ்ப்ளேல வர்ற டெம்பரேச்சரும் சும்மா, வெளிய தொங்குற சென்சர் வெளிச் சூட்டத்தான் காட்டும், வெயில் பக்கம் நின்ன சக்கரம் மட்டும் 50 டிகிரின்னு பயமுறுத்துது.

சென்சருக்கு மூணரை ஸ்டார், டிஜிட்டல் கேஜுக்கு நாலரை. டயல அப்பா தூக்கிப் போட விடல, அதுல ரெண்டு கூட்டிக்கச் சொல்லி மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன்.